சுருதி சேர்க்கிற இருபது நிமிஷம்

போன வருஷம் ஜூலையில் எங்கள் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸாப் குழுவில் நான் ஒரு கணக்குப் போட்டேன். வயலின் வகுப்பு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு மணி நேரம். அதில் சுருதி சேர்க்கவே இருபது நிமிஷம் போய்விடுகிறது. மாதத்துக்கு நாலு வகுப்பு என்றால் எண்பது நிமிஷம். 1,200 ரூபாய் பீஸில் 400 ரூபாய், தந்தியை முறுக்குகிற பிரடையைத் திருகுவதற்கே சரியாகிவிடுகிறது. ‘வீட்டிலேயே ஆப் வைத்துச் சுருதி சேர்த்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டால் என்ன?’ என்று கேட்டு, கடைசியில் பணிவாக ஒரு கைகூப்பும் பொம்மையும் போட்டேன். ஆறு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ராத்திரி பத்து மணிக்கு டீச்சர் ஒரே ஒரு வரி எழுதினார்: ‘பார்க்கலாம் சார்.’ தமிழில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் என் கணக்கில் தப்பு இல்லையே என்று பல நாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது பார்த்தாலும் கூட்டல் பெருக்கலில் தப்பு கிடையாது.

வகுப்பு என்று நாங்கள் சொன்னாலும், ரசீதுப் புத்தகத்தில் ‘இசைப் பள்ளி’ என்றுதான் அச்சடித்திருக்கிறது. நங்கநல்லூர்ப் பக்கம், சங்கத்துக் கட்டடத்தின் மாடி ஹால். கீழே இஸ்திரி வண்டி. ஹாலின் மூலையில் ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் சங்கத்துக்குச் சொந்தமான ஆறு வயலின்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் மனைவியின் நினைவாக வாங்கிக் கொடுத்தது: அரை அளவில் இரண்டு, முக்காலில் இரண்டு, முழுசு இரண்டு. சொந்தமாக வயலின் வாங்க முடியாத பிள்ளைகள் இவற்றில்தான் வாசிக்கிறார்கள். இஸ்திரி போடுகிறவரின் பையன், எதிர்ப் பிளாட் வாட்ச்மேனின் மகள் என்று அதில் நாலு பேருக்குப் பீஸும் கிடையாது. காலையில் ஒரு சார் வந்து மேற்கத்திய வயலின் சொல்லித்தருகிறார். சாயங்காலம் டீச்சர் வந்து கர்நாடக வயலின். காலையில் பிள்ளைகள் நின்றுகொண்டு, தாடைக்கடியில் வைத்து வாசிக்கிறார்கள். சாயங்காலம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்த்துக்கொண்டு வாசிக்கிறார்கள். ஒரே அலமாரி, அதே ஆறு வயலின்.

பெற்றோர்களுக்குள் சாருக்குத்தான் மவுசு அதிகம். காரணம் கிரேடு பரீட்சை. ஒன்றிலிருந்து எட்டு வரை படி இருக்கிறது, லண்டன் முத்திரையோடு சான்றிதழ் வருகிறது, மாமியாரிடம் காட்டலாம். போதாததற்கு அவர் மூன்றாவது வாரமே குழந்தைக்கு ஒரு குட்டிப் பாட்டு சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவார். டீச்சரிடம் அதெல்லாம் நடக்காது. நாலு மாதம் சரளி வரிசை என்கிற ஆரம்பச் சுரப் பயிற்சி, அதுவும் முதலில் வாயால் பாடி, தாளம் போட்டு, அப்புறம்தான் வில். ‘பாட வந்தாத்தான் வாசிக்க வரும்’ என்பது அவருடைய ஒரே சித்தாந்தம். புதிதாகச் சேர்க்க வரும் அப்பா அம்மாக்கள் மாடிப்படியில் வைத்து ரகசியமாக ஒரு கேள்வி கேட்பார்கள்: “டீச்சர் கச்சேரி பண்றாங்களா?” அடையாறு இசைக் கல்லூரியில் படித்தவர் என்று சொன்னால், “ஓ” என்பார்கள். அந்த ‘ஓ’வில் ஓர் இறக்கம் இருக்கும். நானும் சேர்க்கும்போது அதே ‘ஓ’ போட்டவன்தான்.

வயலின் எப்படி நம் ஊர் வாத்தியமானது என்கிற கதையை ரசிகர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், குடும்பம் மணலியில் இருந்த காலத்தில், ஒரு ஐரோப்பியரிடம் போய்க் கற்றுக்கொண்டார் என்பது அது. நான் கேட்ட எந்தக் கச்சேரி முன்னுரையிலும் அந்த வெள்ளைக்கார வாத்தியாரின் பெயர் வந்ததில்லை. வில்லை எப்படிப் பிடிப்பது, எந்த விரலை எங்கே வைப்பது என்று முதல் நாள் யாரோ ஒருவர் உட்கார்ந்து காட்டியிருக்கிறார். சிஷ்யர் பெயர் இருநூறு வருஷமாக ஓடுகிறது. வாத்தியார் ‘ஒரு ஐரோப்பியர்’. இது அநியாயம் என்றெல்லாம் அப்போது எனக்குத் தோன்றியதில்லை. எனக்கிருந்தது எண்பது நிமிஷக் கவலை மட்டும்தான்.

மழை நாள்

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. விடாத மழை. மூன்றேமுக்காலுக்கு டீச்சரிடமிருந்து செய்தி வந்தது: வேளச்சேரியில் தண்ணீர் நிற்கிறது, ஆட்டோ நகரவில்லை, பிள்ளைகளைப் பாட வைத்துக்கொண்டிருங்கள், வந்துவிடுகிறேன். ஹாலில் பதினொரு பிள்ளைகள், பெரியவன் நான் ஒருத்தன். பாட வைக்கச் சொல்லியிருந்தார். எனக்குத்தான் பாட வராதே. ஆனால் போனில் ஆப் இருக்கிறது. டீச்சர் வருவதற்குள் எல்லா வயலினையும் சுருதி சேர்த்து வரிசையாக வைத்துவிட்டால், இருபது நிமிஷப் பிரச்சனைக்கு வாயைத் திறக்காமலே பதில் சொன்ன மாதிரி இருக்கும் என்று ஒரு அற்ப ஆசை.

முதலில் மகளுடைய வயலினை எடுத்தேன். ஆப்பில் ‘வயலின்’ என்று தேர்ந்தெடுத்துக் கடைசித் தந்தியைச் சுண்டினேன். முள் இடது பக்கம் படுத்துக்கொண்டது, அதாவது இறங்கியிருக்கிறது. பிரடையைத் திருகினேன். நகரவில்லை. கொஞ்சம் அழுத்தித் திருகினேன். பட்டென்று சுழன்று தந்தி தொளதொளத்துவிட்டது. வயலின் பிரடைக்குப் பல் கிடையாது, மரை கிடையாது. மரத் துளைக்குள் மர ஆப்பு, பிடிமானம் உராய்வு மட்டும்தான். திருகும்போதே உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே திருக வேண்டும், இல்லாவிட்டால் நிற்காது. இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் திருகினால் அவிழ்கிறது, அந்தப் பக்கம் திருகினால் முள் ஒரே தாவாகத் தாவுகிறது. மூன்றாவது முயற்சியில் ‘டிங்’ என்று அறுந்த தந்தி என் புறங்கையில் கோடு போட்டது. பதினொரு பிள்ளைகளும் வாய் மூடி நின்றார்கள். அதோடு விட்டிருக்கலாம். “பரவாயில்ல, பரவாயில்ல” என்று சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து சங்கத்து முக்கால் வயலினை எடுத்தேன். மழை ஈரத்தில் மரம் உப்பிப் பிரடை நாலும் இறுகிக் கிடந்தன. எல்லாவற்றையும் முதலில் தளர்த்திவிட்டு அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்றலாம் என்று ஒரு பொறியாளர் மூளை யோசனை சொன்னது. நாலாவது தந்தி தளர்ந்ததும் நடுவில் தந்திகளைத் தாங்கி நின்றுகொண்டிருந்த மரத்துண்டு, குதிரை என்பார்கள், பொத்தென்று சாய்ந்து தரையில் உருண்டது.

“அங்கிள், குதிரை விழுந்துடுச்சு” என்றான் இஸ்திரிக்காரர் பையன். அவன் குரலில் பரிகாசம் இல்லை, விபத்தைப் பார்த்தவன் பதற்றம்தான் இருந்தது. அவன் வாசிக்கிற வயலின் அது.

டீச்சர் வரும்போது நாலரை. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. பையை வைத்தார், என் கையைப் பார்த்தார், தரையில் கிடந்த தந்தியைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அதற்கு நான் தயாராகவும் இருந்தேன், இரண்டு சால்ஜாப்பு கைவசம் இருந்தது. அவர் உட்கார்ந்து வயலினை மடியில் போட்டு, போன் டார்ச்சை அதன் பக்கத்துத் துளைக்குள் அடித்து எட்டிப் பார்த்தார். “உள்ள குச்சி நிக்குது. தப்பிச்சோம்” என்றார். வயலின் வயிற்றுக்குள் மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே ஒரு சின்ன மரக்குச்சி நிற்கிறது. அதையும் யாரும் ஒட்டுவதில்லை, குதிரையையும் ஒட்டுவதில்லை. தந்திகள் அழுத்துகிற அழுத்தத்தில்தான் இரண்டும் நிற்கின்றன. எல்லாத் தந்தியையும் ஒரே சமயத்தில் அவிழ்த்தால் குதிரை விழும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் குச்சியும் விழும். குச்சி விழுந்தால் ரிப்பேர்காரரிடம்தான் போக வேண்டும். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து இதையெல்லாம் அவர்களுக்குச் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். குதிரையின் நாலு பள்ளத்திலும் பென்சில் முனையால் தேய்த்தார், தந்தி வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. இரண்டு ஓரத் தந்திகளை லேசாக ஏற்றி, குதிரையை நிமிர்த்தி, அதன் முதுகைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்து, மறுபடி ஏற்றி, மறுபடி நிமிர்த்தி... அன்றைக்கு ஒரு பாட்டும் நடக்கவில்லை. ஒரு அம்மா அப்பாகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் நான்தான், நான் கையில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது டீச்சர் கேட்டார்: “சார், அடுத்த வாரத்துலேர்ந்து கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா? மூணரைக்கு? பெட்டியெல்லாம் திறந்து வைக்க ஒரு ஆள் வேணும்.”

போதுமா?

அந்த அரை மணி நேரம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. வகுப்பு நாலு மணிக்கு. மூன்றரைக்கே வந்து, காலையில் சார் வகுப்பில் வாசித்த ஆறு வயலினையும் டீச்சர் மாற்றிக்கொண்டிருப்பார். சாருடைய வகுப்பில் தந்திகள், மேற்கத்தியச் சுரப் பெயரில், ஜி, டி, ஏ, இ. டீச்சர் பிள்ளைகளைப் பாட வைப்பது ஐந்து கட்டையில். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்கிற அளவு, ஐந்து கட்டை என்றால் ஜி. அதனால் கீழ் இரண்டு தந்தியும் அப்படியே மந்தர ஸ, மந்தர ப, அதாவது கீழ் ஸ்தாயி ஸவும் பவும் ஆகிவிடும். மேல் இரண்டையும் ஒவ்வொரு கட்டை இறக்கினால் ஸ, ப. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு தந்தி, ஒரு கட்டை. என் ஆப் ஏன் அன்றைக்கு ‘இறங்கியிருக்கிறது’ என்று சொன்னது என்பதும் அப்போதுதான் விளங்கியது. தந்தி சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான் அதைக் காலை வகுப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். இறக்கின தந்தி சும்மா இருக்காது, பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், அப்புறம் பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வழுக்குகிற பிரடைக்குச் சாக்பீஸ், இறுகுகிற பிரடைக்குக் காய்ந்த சோப்பு. ஏசி அறையில் தூங்கிய வயலின் காய்ந்து வழுக்கும், ஹால் அலமாரியில் இருந்தது உப்பி இறுகும். சோப்பும் சாக்பீஸும் இப்போது என் பொறுப்பு.

நாலு மணிக்கு அப்புறம் நடக்கிற இருபது நிமிஷம் வேறு. ஒவ்வொரு பிள்ளையாகப் பெட்டியோடு வந்து எதிரில் உட்கார வேண்டும். சுருதிப் பெட்டி பாடிக்கொண்டிருக்கும். பிள்ளை ‘ஸா’ பாட வேண்டும். டீச்சர் அந்த வயலினை வில்லால் இழுத்துக்கொண்டே பிரடையைத் திருகுவார். எனக்கே ஓரளவு கேட்கிற அளவுக்கு, சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுவார். நிறுத்தி, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, “போதுமா?” என்பார்.

முதல் இரண்டு வாரம் டீச்சருக்குக் காது கொஞ்சம் மந்தமோ என்றுகூட நினைத்தேன், சத்தியமாக. மூன்றாவது வாரம் வாட்ச்மேன் மகள் உட்கார்ந்திருந்தாள். “போதுமா?” அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தாள். ஹாலில் மின்விசிறி சத்தம், கீழே இஸ்திரிப் பெட்டி வைக்கிற சத்தம். “இல்ல டீச்சர், இன்னும் கொஞ்சம்.” ஒரு மயிரிழை திருகினார். “இப்போ?” “இன்னும் ஒரே ஒரு துளி.” திருகினார். ஸாவும் ஸாவும் ஒட்டிக்கொண்டன. அந்தப் பெண் சிரித்தாள், டீச்சர் சிரிக்கவில்லை, அடுத்த தந்திக்குப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேண்டுமென்றே நிறுத்துகிறார். சில நாள் வேண்டுமென்றே தாண்டியும் போகிறார். இதுதான் பாடம். அடுத்த நாற்பது நிமிஷம் அதைக் கையில் செய்து பார்ப்பதுதான் மீதி.

வீணையில் தண்டின் குறுக்கே 24 மெட்டு பதித்திருக்கிறது, அதில் விரல் வைத்தால் சுரம் ஏறக்குறைய அதன் இடத்தில் இருக்கும். வயலின் கழுத்து வழவழவென்று ஒரு கறுப்புப் பலகை. ரி எங்கே, க எங்கே என்று எந்தக் கோடும் கிடையாது. முதலில் காதுக்குத் தெரிய வேண்டும், அப்புறம்தான் விரல் தேடிப் போகும். அவசரமாக “போதும் டீச்சர்” என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு, என் மகள் அந்தக் கட்சி. அவளிடம் டீச்சர் வாதாட மாட்டார். “சரி, போய் உக்காரு” என்று அப்படியே அனுப்பிவிடுவார். எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது, சேராத தந்தி பக்கத்துத் தந்தியோடு உரசி வவ்வவ்வென்று ஓர் அலை அடிக்கும். ஐந்து நிமிஷத்துக்குள் மகள் தானாக எழுந்து வயலினைத் தூக்கிக்கொண்டு வருவாள். இதை நான் பார்த்தது ஒரு நாள் இல்லை, குறைந்தது ஆறு சனிக்கிழமை.

இன்னொன்றையும் அந்தப் பாயில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன். பெட்டியைத் திறந்த நொடியில் டீச்சருக்கு அந்த வாரம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. வில்லின் மயிர் தளர்த்தப்படாமல் இழுத்தபடியே இருந்தால், போன சனிக்கிழமை மூடிய பெட்டி இப்போதுதான் திறக்கிறது. தந்திக்குக் கீழே, வில்லில் தேய்க்கிற ராசின் பொடி வெள்ளையாக உதிர்ந்திருந்தால் வீட்டில் வாசித்திருக்கிறது. இடது கை நகம் வெட்டாமல் வந்தால் கேட்கவே வேண்டாம். எதையும் வெளியே சொல்ல மாட்டார். ஒரு பையனிடம் மட்டும் ஒரு தடவை மெதுவாக, “அப்பா வீட்டுக்கு வந்துட்டாரா?” என்றார். “நாளைக்கு டிஸ்சார்ஜ் டீச்சர்” என்றான் அவன். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பது அதே மாடியில் குடியிருக்கும் எனக்குத் தெரியாது.

ஜப்பானில் சுஸுகி என்று ஒருவர் இருந்தார், ஷினிச்சி சுஸுகி. 1898இல் நகோயாவில் பிறந்தவர். அப்பாவுக்கு வயலின் தொழிற்சாலையே இருந்தும், பதினேழு வயதில் ஒரு கிராமபோன் தட்டைக் கேட்ட பிறகுதான் வயலினைக் கையிலெடுத்தார். பெர்லின் போய்ப் படித்துவிட்டு வந்து, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மட்சுமோட்டோ என்கிற ஊரில் குழந்தைகளுக்கான வகுப்பு தொடங்கினார். எல்லா ஜப்பானியக் குழந்தையும் ஜப்பானிய மொழி பேசுகிறதே, அப்படியென்றால் வயலின் மட்டும் ஏன் வராது என்பதுதான் அவர் கேள்வி. அவருடைய முறையில் அம்மாதான் முதலில் வயலின் கற்றுக்கொள்ள வேண்டும். குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கும், ஆசை வந்து கேட்கும், அப்புறம்தான் அதன் கையில் வாத்தியம். இன்றைக்கும் சுஸுகி வகுப்புகளில் குட்டிக் குழந்தைகளுக்கு முதலில் அட்டைப்பெட்டியில் ஸ்கேல் ஒட்டிய பொய் வயலின் கொடுப்பது வழக்கம். இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெட்டி திறக்க ஆள் வேண்டும் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டது நிஜமாகவே பெட்டி திறப்பதற்குத்தானா? கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்.

நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும்

டீச்சர் செய்வது எல்லாமே சரி என்று நான் மதம் மாறிவிடவில்லை. நாலு மாதம் பாட்டே இல்லாமல் சரளி வரிசை என்பது எட்டு வயதுக் குழந்தைக்கு ரொம்ப அதிகம் என்றுதான் இன்றும் சொல்வேன். கீழே படியில் உட்கார்ந்து காத்திருக்கும்போது, காலையில் சாரிடம் வாசித்துவிட்டு ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ முணுமுணுத்துக்கொண்டே இறங்குகிற குழந்தைகளின் முகம் வேறு மாதிரி இருக்கும். இதை டீச்சரிடம் ஒரு நாள் சொன்னேன். அவர் வழக்கம்போல் ‘பார்க்கலாம்’ என்றார். ஆனால் இந்தத் தடவை பார்த்தார்.

சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு இரண்டு வகுப்பும் சேர்ந்து ஒன்று வாசிக்கலாம் என்று அவரே சாரிடம் பேசியிருக்கிறார். எதை வாசிப்பது? தீட்சிதரின் நோட்டுஸ்வரம். வெள்ளைக்காரர்களின் மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், போட்டவை அவை, எல்லாம் சங்கராபரண ராகம். அதில் ‘சியாமளே மீனாக்ஷி’ என்று ஒன்று. வாயைத் திறந்து பாடிப் பாருங்கள், ட்விங்கிள் ட்விங்கிள் அது. சாருடைய பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். ஐந்து கட்டை சங்கராபரணம் என்பது அவர்கள் கணக்கில் ஜி மேஜர், தந்தியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. மேடையில் ஏழு பேர் நின்றுகொண்டு, பதினொரு பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு வாசித்தார்கள். முதல் தடவை வேகம் எங்கேயோ போய்விட்டது, சார் காலால் தரையைத் தட்டினார், டீச்சர் தொடையில் தாளம் போட்டார், இரண்டாவது தடவை ஒருமாதிரி சேர்ந்தது. அதற்கு முன்னால் மேடையிலேயே பதினெட்டு வயலினுக்கும் சுருதி பார்த்தார்கள். கால் மணி நேரம். முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சபாவில் மிருதங்கக்காரர் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கும்போது இதே மனிதர் கண்ணை மூடித் தலையாட்டுகிறவர்தான்.

பிப்ரவரியில் சங்கக் கமிட்டியில் நான் ஒரு விஷயம் கிளப்பினேன். அந்த மூன்றரையிலிருந்து நாலு மணி வரை, டீச்சருக்கும் சரி, காலையில் சீக்கிரம் வருகிற சாருக்கும் சரி, தனியாக ஏதாவது கொடுக்க வேண்டும், வேண்டுமானால் பீஸை ஏற்றலாம் என்றேன். பழைய வாட்ஸாப் கணக்கை யாரோ ஞாபகம் வைத்திருந்து எடுத்துப் போட்டார்கள். நியாயம்தான், வாங்கிக்கட்டிக்கொண்டேன். கடைசியில் சாருக்கும் டீச்சருக்கும் மாதம் ஐந்நூறு ஏற்றித் தருவதென்று இழுபறியாக முடிவானது. சார் சரி என்று வாங்கிக்கொண்டார். டீச்சரிடம் போய்ச் சொன்னபோது அவர் ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

“சுருதி சேர்க்கறதுக்குத் தனியாவா?” என்றார். பேனா நின்றது. “ரசீதுல அத என்னன்னு சார் எழுதறது?”

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ‘இதர வகை’ என்று போடலாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பார்க்கலாம்” என்றார். அப்புறம் என் மகள் பெயர், மாதம், 1,200 என்று எழுதி, விவரம் என்கிற இடத்தில் எப்போதும்போல ‘வயலின்’ என்று போட்டுக் கிழித்துக் கொடுத்தார். பின்னால் இஸ்திரிக்காரர் பையன் பெட்டியோடு காத்துக்கொண்டிருந்தான்.